முங்கின வள்ளமும் முங்காத ஆளும்

வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்ப் புயலில் காணாமல்போன ததேயுஸ் திரும்பி வரவேண்டுமென்று, அவன் பெண்சாதி மரிய புஷ்பம் பதினோரு மாதமாகத் தினமும் அந்தோணியார் குருசடியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிள்ளைகளின் வயிறு எத்தனை நாள் பொறுக்கும்? கடைசியில், அவன் பேரில் இருந்த விபத்து இன்சூரன்ஸைக் கேட்டுக் கம்பெனி ஆபீசுக்குப் போனாள்.

மேனேஜர் நாற்காலியை விட்டு அசையவில்லை. "உடம்பைக் கொண்டு வந்து காட்டு. இல்லேன்னா ஏழு வருஷம் கழிச்சு வா. அதுவரைக்கும் எங்களுக்கு உன் புருஷன் உயிரோடதான் இருக்கான்."

"சரி சார். அவரு போன வள்ளத்துக்கும் இங்கதானே இன்சூரன்ஸ்? முதலாளிக்கு ரூவா குடுத்தாச்சே. வள்ளத்தப் பாத்தீங்களா?"

"கடலுக்கடியில கிடக்கிறதை எப்படிப் பார்க்கிறது? விசாரிச்சுத்தான் கொடுத்தோம். என் அறிக்கையில ஒரு எழுத்து தப்பிருக்காது."

"எனக்குப் படிக்கத் தெரியாது. கொஞ்சம் வாசிங்க சார்."

வரிசையில் நின்றவர்களும் கேட்கட்டும் என்று மேனேஜர் உரக்கவே வாசித்தார். "வள்ளம் ஆறு பேருடன் மூழ்கியது. ஒருவரும் பிழைக்கவில்லை. சூசையா, ததேயுஸ்..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

"வள்ளம் முங்கினதுக்கு உங்க எழுத்து போதும். அதுல நின்ன எனக்க மாப்பிள முங்கினதுக்கு மட்டும் பத்தாதா?"

மேனேஜர் பேனாவைத் திறந்து அவள் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் குருசடி வந்தது. அன்றைக்கு வாங்கிய மெழுகுவர்த்தி கையில் இருந்தது. கரண்டு போனால் ஆகும் என்று புஷ்பம் அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள்.