முதலில் யார் வருவது

மனிதர்களுக்கும் காட்டு உயிர்களுக்கும் ஒரே பேச்சு இருந்த காலம் அது. மலைச்சரிவில் ஒரு குடிசையில் சடையனும் அவன் மனைவி வெள்ளச்சியும் வாழ்ந்தார்கள். அக்கம்பக்கத்தில் வேறு வீடு கிடையாது. அவர்களுக்குத் துணை என்று இருந்தது ஒரு பச்சோந்திதான். வெள்ளச்சி அதை அண்ணா என்று கூப்பிடுவாள். அதனால் சடையனுக்கு அது மச்சான்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பதில் சண்டை வந்தது. செத்துப்போன தன் தாயின் பெயரை வைக்க வேண்டும் என்றான் சடையன். பிரசவத்தில் இறந்த தன் அக்காவின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்றாள் வெள்ளச்சி. ஒருநாள் காலை பேச்சு முற்றியது. குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருக்க, அவள் விருட்டென்று கிளம்பி ஓடைக்கு அப்பால் இருந்த வேங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

பச்சோந்தி சமாதானம் பேசப் போனது. அவள் மலைமேல் ஆணையிட்டுச் சொல்லி அனுப்பினாள்.

“அவன் இங்கே வந்து கூப்பிடாமல் இந்த மரத்தடியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.”

அதை அது அப்படியே வந்து சொன்னது. சடையனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவனும் மலைமேல் ஆணையிட்டான்.

“அவள் வந்து வாசலில் நிற்காமல் நான் இந்தப் படியைத் தாண்ட மாட்டேன். போய்ச் சொல்லு, மச்சான்.”

மலைமேல் இட்ட ஆணையை மீறினால் மலை விழுங்கிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். அப்படி விழுங்கியதை யாரும் பார்த்ததில்லை. மீறிப் பார்த்தவரும் இல்லை.

சடையன் சொன்னதைப் பச்சோந்தி வெள்ளச்சியிடம் போய்ச் சொன்னது. அவன் வந்தால்தான் அவள் போகலாம். அவள் போனால்தான் அவன் வரலாம். யாரும் முதலில் அடியெடுத்து வைக்க முடியாதபடி இருவருமாகச் சேர்ந்து வழியை அடைத்துவிட்டார்கள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. குழந்தை விழித்துப் பாலுக்கு அழுதது. சடையன் வெந்நீரில் தேனைக் குழைத்துப் புகட்டினான். அது கக்கிவிட்டது. பொழுது சாய்வதற்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. ஓடைக்கு அப்பால் வெள்ளச்சிக்குப் பால் கட்டி மார்புச் சேலை நனைந்தது. இருவருக்குமே கோபம் எப்போதோ போய்விட்டது. பயம்தான் மிச்சம். தன்னை மலை விழுங்கிவிட்டால் பிள்ளைக்குப் பால் ஏது என்று அவள் நினைத்தாள். தன்னை விழுங்கிவிட்டால் பிள்ளையைத் தூக்க ஆள் ஏது என்று அவன் நினைத்தான்.

பச்சோந்தி மழையில் இங்குமங்கும் அலைந்தது. அவளிடம் போய் நின்றால் அவள் பயம் நியாயமாகப் பட்டது. இலையோடு இலையாகத் தலையாட்டியது. அவனிடம் வந்தால் அவன் பயமும் நியாயம்தான். மண்சுவரோடு ஒட்டிக்கொண்டு அதற்கும் தலையாட்டியது.

ஒரு வழி இருக்கத்தான் செய்தது. ‘அவன் கிளம்பிவிட்டான், நீ எதிரே வா’ என்று அவளிடம் ஒரு பொய் சொல்லலாம். அல்லது ‘அவள் ஓடையைத் தாண்டிவிட்டாள், நீ எதிரே போ’ என்று அவனிடம் சொல்லலாம். ஆனால் யாரிடம் பொய் சொல்கிறதோ அவரை மலைக்குக் கொடுத்ததாகிவிடும். தங்கையா, மச்சானா?

மறுநாள் அது பாதி வழியில் ஒரு கிளையில் நின்றது. ஒரு கண் மரத்தடியைப் பார்த்தது, மறுகண் குடிசையைப் பார்த்தது. அவளிடம் போகலாம் என்று காலை முன்னே வைத்தது. மனம் கேட்காமல் பின்னே இழுத்தது. மறுபடியும் வைத்தது. மறுபடியும் இழுத்தது.

அப்படி அது ஆடிக்கொண்டிருந்தபோதே குழந்தையின் அழுகை நின்றுபோயிற்று.

வெள்ளச்சி எழுந்து ஓடையில் இறங்கி ஓடினாள். குழந்தையை ஏந்திக்கொண்டு சடையனும் படியைத் தாண்டியிருந்தான். வழியிலேயே இருவரும் எதிரெதிரே நின்றார்கள். மலை அசையவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

அவள் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்திக் கிளையைப் பார்த்தாள்.

“என்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா, அண்ணா?”

பச்சோந்தி வாயைத் திறந்தது. சொல்வதற்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.

பெயரில்லாமலே குழந்தையைப் புதைத்துவிட்டு அவர்கள் அந்த மலையை விட்டுப் போனார்கள். அந்த மழையோடு பச்சோந்தி பேச்சை விட்டது. ஒவ்வோர் அடிக்கும் காலை முன்னே நீட்டி, பின்னே இழுத்து, ஆடி ஆடி அது நடப்பதும், அதன் இரண்டு கண்களும் ஆளுக்கொரு பக்கம் திரும்புவதும், இலையில் இலையாகவும் மண்ணில் மண்ணாகவும் அது நிறம் மாறுவதும் அன்று தொடங்கியவை. இன்றுவரை அது எந்தப் பக்கம் போவதென்று முடிவு செய்யவில்லை.