நடுவர் காதில் விழாத பாட்டு

சால்வை போட்டு அனுப்பி வைத்தவரே, உங்களைத்தான் சொல்கிறேன்.

கபடிக் கழக அலுவலகத்தில் உங்கள் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். பதினைந்து வயது. எடை ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டக் கூடாதென்று கபடி வாத்தியார் இரண்டு நாள் தண்ணீர் கொடுக்கவில்லை என்றாள். மயங்கி விழுந்ததும் ஸ்கிப்பிங் கயிற்றால் அடித்து எழுப்பினார் என்றாள். முழங்கையைத் திருப்பித் தழும்பையும் காட்டினாள். நீங்கள் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, "ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை பாப்பா, அப்புறம் வா" என்றீர்கள்.

மூன்று வாரம் கழித்து அந்த வாத்தியாருக்கு விழா எடுத்தீர்கள். சால்வை போட்டீர்கள். பக்கத்து ஊர்ப் பெண்களுக்குக் கபடி சொல்லிக்கொடுக்க அனுப்பி வைத்தீர்கள். கால் கிலோ கத்திரிக்காய் வாங்கினாலும் திருப்பிப் பார்த்து, சொத்தையைக் கடைக்காரன் முகத்துக்கு நேரே தள்ளி வைக்கிற ஊர் இது. நீங்கள் சொத்தையைத் துடைத்து அடுத்த ஊர்க் கூடையில் போட்டீர்கள்.

உங்கள் பெயரை நான் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், போதும். மற்றவர்கள் கதையைக் கேட்கட்டும்.

அந்த வாத்தியார் போன பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் ஆறுமுகநயினார். தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து, போன வருடம் ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் கபடி ஆடியவர். நல்ல மனிதர். ஒரே குறை, தொண்டை. அவர் ரகசியம் சொன்னால் அடுத்த தெருவில் பால் கறக்கிற மாடு மிரளும்.

ஆடத் தெரிந்தால் மட்டும் போதாது, ஆட வைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் எஸ்தர் டீச்சரிடம் போனார். எஸ்தர் மாநிலப் போட்டிகளில் நடுவர். பயிற்சியாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். அவருக்கு வயது முப்பத்து நாலு. சீடருக்கு அறுபத்தொன்று. அதைப் பற்றி இரண்டு பேருமே கவலைப்படவில்லை.

ஒரு நாள் நயினார் கேட்டார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"மெதுவாக் கேளுங்க அண்ணாச்சி."

"மெதுவாத்தான் கேக்கேன். பிள்ளைங்க எங்கிட்ட வாயைத் தொறக்க மாட்டேங்குதுங்க. நான் அடிக்க மாட்டேன், வைய மாட்டேன். எதுன்னாலும் சொல்லுங்கன்னு தெனமும் சொல்லுதேன். புகார்ப் பெட்டிகூட வச்சிருக்கேன்."

"பெட்டியில என்ன விழுந்துச்சு?"

"ரெண்டு மாசத்துல ஒரு மிட்டாய்த் தாள். ஒரு பஸ் டிக்கெட். அப்புறம் ஒரு சீட்டு."

"சீட்டுல?"

"சுண்டல்ல உப்பு இல்லைன்னு எழுதியிருந்துச்சு."

"போட்டீங்களா?"

"எதை?"

"உப்பை."

"மறுநாளே போட்டேன்."

"அப்ப உங்க மேல கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கு. உப்பு அளவுக்கு."

நயினார் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் வாடியது.

"பேச்சின்னு ஒரு பிள்ளை டீச்சர். பேருதான் பேச்சி. பாடிப் போனா ரெண்டு பேரைத் தொடாம திரும்ப மாட்டாளாம். எட்டு மாசமா மைதானத்துப் பக்கமே வரலை. பழைய வாத்தியார் அடிச்சிட்டார்னு ஊர்ல பேசிக்கிடுதாங்க. வீட்டுக்கு மூணு தடவை போயிட்டேன். என்ன நடந்துச்சு, சொல்லு தாயின்னா, கதவுக்குப் பின்னால போயிருதா. வர்ற சனிக்கிழமை மாவட்டத் தேர்வு. அடுத்த வருசம் அவளுக்கு வயசு தாண்டிரும். இப்ப விட்டா இந்த வயசுக் குழுவுல அவளுக்கு இனி வாய்ப்பே இல்லை. ஏன் டீச்சர் பேச மாட்டேங்கா?"

எஸ்தர் யோசித்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் வாரேன். டவுசர் போட்டுட்டு நில்லுங்க."

கபடி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரணிக் களத்துக்குள் போகிறவர் 'கபடி கபடி' என்று விடாமல் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதற்குப் பாட்டு என்று பெயர். அந்தப் பாட்டு நடுவர் காதில் விழ வேண்டும். விழவில்லை என்று நடுவர் சொன்னால் முடிந்தது. பாடியவர் திரும்ப வேண்டியதுதான். புள்ளி எதிரணிக்கு.

மறுநாள் எஸ்தர் விசிலோடு வந்தார். ஏழு பெண்களை ஒரு பக்கம் நிறுத்தினார். மறுபக்கம் நயினார் மட்டும். டவுசரில் அவரைப் பார்த்ததும் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள்.

"பாடிப் போங்க அண்ணாச்சி."

நயினார் நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாடிப் போனார். மின்கம்பியில் இருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

விசில்.

"பாட்டு கேக்கலை. திரும்புங்க."

"என்னது?"

"கேக்கலை. அவங்களுக்கு ஒரு புள்ளி."

குழுத் தலைவி ரெஜினாவுக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், எங்க தாத்தாவுக்கே கேட்டிருக்கும். அவுக செத்து ரெண்டு வருசமாச்சு."

"நடுவர் யாரு, உங்க தாத்தாவா?"

நயினார் இரண்டாம் முறை பாடிப் போனார். கழுத்து நரம்பு புடைத்தது. ரோட்டில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, தீ எங்கே பிடித்திருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தார்.

விசில்.

"கேக்கலை."

"டீச்சர், இது அநியாயம்!"

"எனக்குக் கேக்கலை அண்ணாச்சி."

"அப்ப எப்படிப் பாடினா கேக்கும்?"

"அதை நீங்கதான் பார்த்துக்கிடணும்."

பெண்கள் இப்போது சிரிக்கவில்லை.

மூன்றாம் முறை நயினார் நடுக்கோட்டில் நின்றார். வாய் மூடியிருந்தது. அப்படியே உள்ளே நடந்தார். யாரையும் தொடவில்லை. யாரும் அவரைப் பிடிக்கவில்லை. திரும்பி வந்து சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்தார்.

"ஏன் பாடலை?"

"எதுக்குப் பாடணும்? நீங்கதான் கேக்கப் போறதில்லையே."

அதைச் சொன்ன குரல் பக்கத்தில் நின்ற ரெஜினா காதிலேயே சரியாக விழவில்லை.

எஸ்தர் விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். அவரும் வந்து கோட்டின் மேல் உட்கார்ந்தார்.

"எவ்வளவு பெரிய தொண்டை உங்களுக்கு. மூணாவது தடவையே அடைச்சிருச்சே."

நயினார் மண்ணைக் கிளறியபடி கேட்டார்.

"டீச்சர், அந்தப் பிள்ளை ஏற்கெனவே பாடிட்டாளா?"

"அதை எங்கிட்ட ஏன் கேக்கீங்க?"

பேச்சியின் அம்மா மாடத்தி வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருந்தாள். மறுநாள் காலையில் நயினார் போய் நாலு இட்லி வாங்கினார். என்ன நடந்தது என்று இந்த முறை கேட்கவில்லை. கதவைப் பார்த்துக் கேட்டார்.

"பேச்சி, நீ இதை யார்கிட்டச் சொன்ன?"

ஒரு இட்லி தீர்ந்தது. இரண்டாவதைப் பிட்டபோது கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"உங்க பெட்டி மேல எழுதியிருக்கே, அவுககிட்ட."

நயினார் பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்தார்.

பெட்டி நன்கொடையாக வந்தது. நம் ஊரில் நன்கொடை எப்படி வரும் என்று தெரியும். கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதி எழுதி வெளிச்சத்தையே மறைத்த ஆட்கள் நாம். பெட்டியில் 'புகார்' என்ற எழுத்து சுண்டைக்காய் அளவு. அதன்கீழே உபயம் என்று போட்டு ஒரு பெயர், பூசணிக்காய் அளவு. இரண்டு சாவியில் ஒன்றும் அவரிடம். யார் பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சால்வைக்காரர்தான்.

"அவர் என்ன சொன்னார்?"

"ஃபேன் சத்தத்துல கேக்கலைன்னார்."

"எனக்குக் கேக்குது தாயி" என்றார் நயினார்.

"தெருவுக்கே கேக்குது. மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி" என்றாள் மாடத்தி.

கதவு திறந்தது. பேச்சி நிலைப்படியில் வந்து நின்றாள். நெட்டைப் பெண். பேசாத எட்டு மாதத்தையும் சேர்த்துப் பேரம் பேசினாள்.

"நான் வந்தா, தாகம் எடுத்தாத் தண்ணி குடிப்பேன். யார்கிட்டயும் கேட்டுட்டுக் குடிக்க மாட்டேன்."

"குடி."

"எடை கூடிருச்சுன்னா?"

"பெரிய பிள்ளைங்க குழுவுல ஆடு."

"அம்மா எப்ப வேணாலும் வந்து உக்காந்து பார்ப்பா."

"நாற்காலி போடுதேன்."

"நீங்க அடிச்சா?"

"அடிக்க மாட்டேன்."

"பழைய வாத்தியாரும் அப்படித்தான் சொன்னார்."

நயினார் மாடத்தியைப் பார்த்தார். மாடத்தி சட்னி ஊற்றினாள்.

"அடிச்சா எஸ்தர் டீச்சர்கிட்டப் போ" என்றார் கடைசியில். "அவுக நம்பரை இந்தச் சுவத்துலயே எழுதிட்டுப் போறேன். எல்லாப் பிள்ளைங்களுக்கும் கொடு. என்னையவே வெளியே தள்ளுற தைரியம் அவுகளுக்கு உண்டு. நேத்து தள்ளிட்டாக. ரெண்டு தடவை."

பேச்சிக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு. அந்த வாத்தியார் இப்ப பக்கத்து ஊர்ல இருக்கார். அங்க பன்னெண்டு பிள்ளைங்க. நான் வந்து ஆடிட்டாச் சரியாப் போச்சா?"

"இல்லை."

"எழுதித் தாரேன். அம்மாவும் கையெழுத்துப் போடுவா. இந்தத் தடவை அவுக கேட்டாகணும்."

"கேக்க வைக்கேன். சரி, நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வந்திரு."

"ஆறரை."

"ஆறு."

"ஆறேகால்."

"சரி, ஆறேகால்."

"இவ பேசவே மாட்டாள்னு எவன் சொன்னான்?" என்றாள் மாடத்தி.

அன்று மத்தியானம் நயினார் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து மாடத்தியிடம் கொடுத்தார். அவள் மூடியைப் பிய்த்து, வைக்கோல் போட்டு, கொல்லையில் வைத்தாள். மறுநாள் கோழி அதில் முட்டையிட்டது. அந்தப் பெட்டியில் உருப்படியாக ஒன்று விழுந்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை தேர்வு. நடுவராக வேறு ஊர்க்காரர் ஒருவர் வந்திருந்தார். எஸ்தர் கோட்டுக்கு வெளியே நின்றார். மாடத்தி நாற்காலியில். நயினார் உட்காரவே இல்லை.

பேச்சி பாடிப் போனாள். முதலில் குரல் கம்மியாகத்தான் வந்தது. நடுவர் காதைச் சாய்த்து ஓரடி கிட்டே வந்தார். அவ்வளவுதான். அவர் கிட்டே வந்ததைப் பார்த்ததும் பாட்டு ஏறியது. ஒருத்தியைத் தொட்டாள், இன்னொருத்தியைத் தொட்டாள், காலைப் பிடித்த மூன்றாமவளையும் இழுத்துக்கொண்டே கோட்டில் விழுந்தாள். "மூணு!" என்று நயினார் கத்தினார். பந்தலில் தூங்கிக்கொண்டிருந்த மைக்காரர் எழுந்து, தன் மைக் தானாகப் பேசிவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார்.

பட்டியலில் பேச்சியின் பெயர் முதலாவதாக வந்தது.

மேடையிலிருந்து சால்வைக்காரப் பெரிய மனிதர் இறங்கி வந்தார். கூடவே புகைப்படக்காரர். பெண்களை வரிசையாக நிறுத்தி நடுவில் தனக்கு இடம் பிடித்துக்கொண்டார்.

"நல்லா ஆடினே பாப்பா. வா, பக்கத்துல வந்து நில்லு."

பேச்சி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்துக்கொண்டே இருந்தாள். நகரவில்லை.

நயினார் தன்னால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்தினார். மேடைவரை கேட்டது.

"டீச்சர், பிள்ளையைப் போட்டோவுக்கு நிக்கச் சொல்லட்டுமா?"

எஸ்தர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பேச்சியைப் பார்த்தார். பேச்சி சரியென்று தலையை ஆட்டினாள். எஸ்தர் அந்தத் தாளைப் பெரிய மனிதரின் கைக்கு நேரே நீட்டினார்.

"போட்டோ அவ இஷ்டம் அண்ணாச்சி. சாருக்கு முதல்ல வேற வேலை இருக்கு. சார், பேச்சியும் அவ அம்மாவும் கையெழுத்துப் போட்ட கடுதாசி இது. ஒரு பிரதி குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போயிருச்சு. அன்னைக்கு உங்க மேசை முன்னால சொன்னதுதான் எழுதியிருக்கு. புதுசா ஒரு சொல் கிடையாது. வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடுங்க. போட்டுட்டு அந்த ஊருக்குப் போன் பண்ணுங்க. விசாரணை முடியிற வரைக்கும் அந்த ஆளு மைதானத்துக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு உங்க வாயால சொல்லுங்க. எங்க எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லுங்க. அங்க பன்னெண்டு பிள்ளைங்க நாலு மணிக்குப் பயிற்சிக்கு வருவாங்க. இப்ப மணி மூணேகால்."