ரிசல்ட் வந்துடுச்சா?

மங்கையர்க்கரசி தன் ஆசிரியரைப் பார்க்கப் போனபோது, அவர் மனைவி சுலோச்சனா அம்மாளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் பொன்னையா அரசாங்கத்துக்குப் பல காலம் பொருளாதாரத் திட்டங்கள் வகுத்துக் கொடுத்தவர். எழுதிக் கொடுத்தது போதும், சட்டசபைக்கே போய்ப் பேசுவோம் என்று ஒருமுறை தேர்தலில் நின்றார். தோற்றார். அதன் பிறகு கல்லூரிக்குத் திரும்பினார். மங்கை அவரிடம் படித்தது அந்த வருஷங்களில்தான். இன்று மங்கைக்கும் தலை நரைத்துவிட்டது. மாநில அரசின் பொருளாதார ஆலோசகராக இருக்கிறாள்.

“உட்காரும்மா. இந்தப் பின்னலை முடிச்சுக்கிறேன்” என்றார்.

அவர் பின்னி முடிக்கும்வரை மங்கையால் பொறுக்க முடியவில்லை. சொல்லத் தொடங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் என்ற திட்டம் அவள் வகுத்தது. குழாய் எல்லா ஊருக்கும் போய்விட்டது. வறண்ட வட்டாரங்களில் தண்ணீர்தான் வரவில்லை. ஆனாலும் திட்டம் முழு வெற்றி என்று அவள் பெயரில் சட்டசபையில் அறிக்கை வைக்க வேண்டும் என்கிறார் அமைச்சர்.

“நீ என்ன சொன்னே?”

“யோசிச்சுச் சொல்றேன்னேன் சார். மாட்டேன்னா என்னை எடுத்துடுவாங்க. அடுத்து வர்றவர் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுவார். நான் உள்ளே இருந்தா, கிராமத்துப் பொண்ணுங்க காலேஜ் போறதுக்கு பஸ்ஸாவது விட வைப்பேன். தண்ணியும் என்னிக்காவது வந்துடும். ஒரு வார்த்தைதானே சார். யாருக்கு என்ன கெட்டுப் போகும்?”

பேராசிரியர் பின்னல் நுனியில் ரப்பர் பேண்டைச் சுற்றினார்.

சுலோச்சனா அம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். சில வருஷங்களாகவே அவளுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது.

“ஏங்க, ரிசல்ட் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு சுலோ.”

“ஜெயிச்சிட்டீங்களா?”

“இல்ல. தோத்துட்டேன்.”

அவள் முகம் சுருங்கியது. கண் நிறைந்து வழிந்தது. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ரொம்ப ஓட்டு வித்தியாசமா?”

“ரொம்ப.”

“எப்படி அலைஞ்சீங்க வெயில்ல.” கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “போனா போகுது. நீங்க ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க.” எழுந்து உள்ளே போனாள். ஒரு வாழைப்பழத்தோடு வந்து, உரித்து அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார். அவள் ஜன்னலோரம் போய்த் தொட்டிச் செடியில் பழுத்த இலைகளைக் கிள்ளத் தொடங்கினாள்.

மங்கை குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அடிக்கடி கேப்பாங்களா சார்?”

“தினமும்.”

“தினமும் புதுசா அழறாங்களா? ஜெயிச்சிட்டேன்னு சொல்லிடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?”

“ஒரு நாள் சொன்னேன்.”

“சந்தோஷப்பட்டாங்களா?”

“அப்படி ஒரு சந்தோஷத்தை அவ முகத்துல நான் பாத்ததே இல்ல. கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கிட்டா. ஊர்க்காரங்க எல்லாரும் வருவாங்க, கேசரி கிண்டுங்கன்னா. கிண்டினேன். கதவை விரியத் திறந்து வச்சு, நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டா.”

“யாராவது வந்தாங்களா?”

“யாரும்மா வருவாங்க?”

ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவர் சொன்னார்.

“கொஞ்ச நேரத்துல தேர்தல் மறந்து போச்சு. நான் சொன்னதும் மறந்து போச்சு. உள்ளே வா, சாப்பிடலாம்னு கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டா. யாரோ வரணுமாம். யாருன்னு கேட்டா தெரியல. எதுக்குன்னு தெரியல. வரணும்னு மட்டும் தெரியுது. பொழுது சாயற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தா, மங்கை.”

மங்கை எழுந்து போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். அமைச்சரின் உதவியாளரிடம் அவள் பேசியது உள்ளே கேட்டது.

“குழாய் போட்டாச்சுன்னு எழுதறேன். தண்ணி வரலைன்னும் எழுதறேன். எந்தெந்த ஊர்னும் எழுதறேன்... இல்லைங்க, யோசிச்சுத்தான் சொல்றேன்... சரிங்க. அமைச்சர்கிட்ட அப்படியே சொல்லிடுங்க.”

போனைக் கைப்பைக்குள் போட்டபடி திரும்பி வந்தாள்.

“வேலை போயிடுமா?” என்றார் பேராசிரியர்.

“போயிடும் சார்.”

“உக்காரு. சாப்பிட்டுப் போகலாம்.”

மங்கை உட்கார்ந்தாள். சுலோச்சனா அம்மாள் செடியோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

“தினமும் அவங்களை அழ வைக்கிறது கஷ்டமா இல்லையா சார்?”

“கஷ்டந்தான். ஆனா அழுது முடிச்சதும் எழுந்திரிச்சிடறாளே.”