ஜனாதிபதியின் மூக்கு

போர் ஏழாம் வருடத்தில் இருந்தது. அந்த ஊரில் பத்திரிகை வாங்குகிறவர்கள் முதலில் புரட்டுவது மூன்றாம் பக்கத்தைத்தான். அங்கே கேலிச்சித்திரத்தில் தினமும் ஜனாதிபதி வருவார். எரிகிற வீட்டு வாசலில் ரிப்பன் வெட்டுவார். அரிசி மூட்டைமேல் ஏறி நின்று, நாட்டில் பசியில்லை என்பார்.

வரைகிறவள் அரசி. முப்பத்து நாலு வயது. படத்தின் கீழே பெயர் போடமாட்டாள். அவளிடம் தொழில் பழகியவர் சபாநாதன், ஐம்பதைத் தாண்டியவர். அவர் அவளை 'ரீச்சர்' என்பார். அவள் அவரை 'அண்ணை' என்பாள்.

சேர்ந்த அன்றே அவள் சொல்லியிருந்தாள்: "முதல் மூக்கு. மூக்குப் பிடிபட்டால் ஆள் பிடிபடும். தினம் நாற்பது தரம் பார்க்காமல் வரையுங்கோ."

மூன்று வருடமாக வரைந்தார். பஸ்சுக்கு நிற்கும்போதும் அவர் விரல் தொடையில் அந்த மூக்கைக் கீறிக்கொண்டிருக்கும்.

ஒரு வியாழக்கிழமை காலை, ஒரு கட்டுத் தாளோடு வந்தார்.

"ரீச்சர், என்ர கை கெட்டுப்போச்சு."

தாள்களை மேசையில் பரப்பினார். முப்பது முகங்கள். எல்லாவற்றிலும் அதே தடித்த மூக்கு.

"ஜனாதிபதிதானே? நல்லாய் வந்திருக்கிறார்."

"இது என்ர தம்பி."

அரசி பேனையைக் கீழே வைத்தாள்.

தம்பி புவனேந்திரன். நாலு வருடத்துக்கு முன் சோதனைச் சாவடியில் பஸ்சிலிருந்து இறக்கப்பட்டவன். திரும்பவில்லை. பிறகு வீடு எரிந்தபோது அவனுடைய படங்களும் போய்விட்டன. காணாமல் போனவர்களைப் பதிய மறுநாள் ஒரு குழு வருகிறது. படம் இல்லாமல் பெயரை எடுக்கமாட்டார்கள்; கையால் வரைந்ததானாலும் போதும் என்றிருந்தார்கள்.

"நெற்றி அவனுடையதாய்த்தான் தொடங்குது. மூக்குக்கு வந்தவுடனே இந்த மனுசன் வந்து குந்தியிடுறான். பஸ்சிலை இருந்து பிடிச்சுக்கொண்டு போனது போதாதெண்டு, இப்ப எனக்குள்ளை இருந்தும் கொண்டு போறான்." "முந்தியெல்லாம் கண்ணை மூடினால் தம்பி வருவான், ரீச்சர். இவனை இந்தக் கையிலை இருந்து எப்பிடி விரட்டுறது?"

அரசி தாள்களை ஒருபக்கம் ஒதுக்கினாள்.

"தம்பி பேப்பர் பார்ப்பாரோ?"

"பார்ப்பானோவோ! பேப்பர்க்காரனைச் சந்தியிலை மறிச்சு வாங்குவான். அங்கை ஆமி நிற்கும், சத்தமாய்ச் சிரிக்கவும் ஏலாது. 'இந்த ஆளை வரையிறவன் விடமாட்டான் போல, அண்ணை' எண்டுவான். வரையிறது ஒரு பொம்பிளை எண்டு அவனுக்கு எங்கை தெரியும்!"

"எப்பிடிச் சிரிப்பார்?"

"அதை எப்பிடிச் சொல்லுறது?"

"சொல்ல வேண்டாம். சிரியுங்கோ."

"பகிடி விடாதேங்கோ, ரீச்சர். வயிறு எரியுது."

அவள் அடுக்கிலிருந்து பழைய பத்திரிகை ஒன்றை உருவி மூன்றாம் பக்கத்தை விரித்துக் கொடுத்தாள். அதில் சனமெல்லாம் நனைந்துகொண்டு நிற்க, குடைக்குள் நின்ற ஜனாதிபதி மழையைத் தடைசெய்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சந்தியிலை ஆமி நிற்குது. தம்பி இதைப் பார்க்கிறார்."

சபாநாதன் தயங்கினார். பிறகு பத்திரிகையை நாடிவரை உயர்த்தினார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். இடது கண் சுருங்கியது. கீழ் உதட்டைப் பல்லால் அழுத்தினார். கன்னம் உப்பியது. மூச்சு மூக்கால் சீறிக்கொண்டு வெளியே வந்தது. தோள்கள் குலுங்கின. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வழிய, பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு குலுங்கினார்.

அரசியின் பேனை ஓடியது. கண்ணில் தொடங்கினாள். மூக்கைக் கடைசியாக வைத்தாள்.

தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

தாளில் தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான். அவர் அந்தக் கன்னத்தைத் தொடப்போய், மை காயவில்லையென்று விரலை எடுத்துக்கொண்டார்.

"ரீச்சர்... என்னைப் பார்த்துத்தானே கீறினீங்கள்? இது என்ர முகமல்லோ?"

"மூண்டு வருசமாய் உங்களைப் பார்க்கிறன், அண்ணை," என்றாள் அரசி. "நீங்கள் சிரிச்சு ஒருநாளும் நான் காணேல்லை."