தவமணி சொல்கிற வரைக்கும்

உப்போடைப்பட்டியில் நான்கு பங்காளிகள் இருந்தார்கள். அறிவில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல. எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள்; கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். எனக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும், பக்கத்து வீட்டில் குடியில்லாத வரைக்கும்.

நால்வரில் மாயழகுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண், மேலக்காட்டு ஆண்டியப்பன் மகள் செல்வராணி. மாப்பிள்ளை பஸ்ஸில் போய் இறங்கினால் கௌரவம் என்னாவது என்று நால்வரும் சேர்ந்து பழைய எஸ்யூவி ஒன்றை வாங்கினார்கள். முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல். ஓட்டத் தெரிந்தவன் மாயழகு ஒருவன்தான் என்பதால், பட்டு வேட்டியோடு அவனே ஸ்டியரிங்கைப் பிடித்தான்.

பிரேக்கை மிதித்தால் பெடல் அடிவரைக்கும் போனது.

"மெத்துனு இருக்குடா," என்றான்.

மூத்தவன் சோலைமலை குனிந்து கையால் அழுத்திப் பார்த்தான். "நல்ல வண்டின்னா அப்படித்தான் இருக்கும். சீட்டும் மெத்துனுதான இருக்கு?"

நியாயம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் கிளம்பிய வண்டி வைக்கோல் போருக்குள் போய்த்தான் நின்றது. பின்னால் எடுத்து வெளியே கொண்டுவந்த பிறகு, மெக்கானிக் தவமணிக்குப் போன் போட்டார்கள்.

"ஆயில் எங்கயாவது ஒழுகுதான்னு நல்லாப் பாருங்க," என்றார் தவமணி.

எங்கயாவது என்றால் சும்மாவா? மற்ற இருவரான பூவலிங்கமும் அழகரும் தெருவில் ஒரு வீடு விடாமல் புகுந்து எண்ணெய்ச் சட்டிகளைத் தூக்கிப் பார்த்தார்கள். திரும்பி வந்து பூவலிங்கம் போனை வாங்கினான்.

"அண்ணே, டீக்கடைக்காரர் வீட்டு நல்லெண்ணெய்த் தூக்கு ஒழுகுச்சு. அடைச்சுட்டோம். மாயழகு, இப்ப மிதிச்சுப் பாரு."

மாயழகு மிதித்தான். "அப்படியேதாண்டா இருக்கு."

அடுத்தடுத்து மிதித்தால் பெடல் கெட்டியாகிறதா என்று கேட்டார் தவமணி. ஆகிறது என்றார்கள். பானெட்டுக்குள் இருக்கும் டப்பாவில் பிரேக் ஆயில் இருக்கிறதா என்றார். நிறைய இருந்தது.

"அப்ப பிரேக் குழாய்ல காத்து புகுந்திருக்கு. மாப்பிள்ளை நாலஞ்சு தரம் மிதிச்சு, அப்படியே அழுத்திப் பிடிக்கட்டும். பின்னாடி இடது சக்கரத்துக்கு உள்பக்கம் குட்டி நட்டு இருக்கும். லேசாத் தளர்த்துங்க, காத்தும் ஆயிலும் வரும். உடனே இறுக்கிருங்க. நான் சொல்ற வரைக்கும் மாப்பிள்ளை காலை எடுக்கக்கூடாது. எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிரும்."

மாயழகு மிதித்துப் பிடித்தான். பூவலிங்கம் நட்டைத் தளர்த்தினான். குமிழ் குமிழாக ஆயில் வந்தது. இறுக்கினான். இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையை அவர்கள் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

"ஆச்சுண்ணே," என்றான். பதில் இல்லை. தவமணியின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவரும் அதே கல்யாணத்துக்குத்தான், மேலக்காட்டு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தார்.

மணி எட்டரை ஆனது. மாயழகு பிரேக்கில் வைத்த காலை எடுக்கவில்லை.

"முகூர்த்தம் போயிருமேடா," என்றான் அழகர். "காலை எடுத்துட்டா என்ன?"

"அவர் சொல்லலையே," என்றான் சோலைமலை.

"அவனுக்குப் பதிலா நான் மிதிக்கிறேன்."

"அவன் எடுத்தாத்தான நீ வைக்க முடியும்?"

பூவலிங்கம் ஆழமாக யோசித்தான். "செருப்பை மட்டும் பெடல் மேல விட்டுட்டு வந்தா?"

"செருப்பை எடுக்கக்கூடாதுன்னா சொன்னார்? காலைத்தான சொன்னார்," என்றான் சோலைமலை.

மாயழகுக்கு அழுகை வந்துவிட்டது. ஆசைப்பட்டு நிச்சயம் செய்த பெண். "நான் வரலைன்னா வேற யாருக்காவது கட்டிக் கொடுத்துருவாங்கடா," என்றான். அப்போதும் கால் அசையவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

கடைசியில் அழகர் சைக்கிளில் போய்ப் பெண்வீட்டாரை அழைத்து வந்தான். மேளக்காரர், பூசாரி, அம்மிக்கல் எல்லாம் ஒரே வேனில் வந்து இறங்கின.

"மாப்பிள்ளையை இறங்கச் சொல்லுங்க," என்று உறுமினார் ஆண்டியப்பன்.

"இறங்கினா பிரேக் போயிரும் மாமா," என்றான் மாயழகு உள்ளிருந்தே.

ஆண்டியப்பன் யோசித்தார். "பொண்ணு போய் ஏறப்போற வண்டி. பிரேக் இல்லாம எப்படி?" என்று சாந்தமாகிவிட்டார். சம்பந்தம் சரியான இடத்தில்தான் அமைந்திருந்தது.

செல்வராணிதான் முடித்து வைத்தாள். "தாலி கட்டக் கைதானப்பா வேணும்?" என்று சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கெட்டிமேளம் கொட்ட, தாலி ஏறியது. மணவறையைச் சுற்ற வேண்டிய மணமக்கள் உள்ளே இருந்ததால், ஊர்க்காரர்கள் வண்டியைச் சுற்றி வந்தார்கள். அம்மிக்கல்லை உள்ளே வைத்தார்கள். அவள் அம்மியை மிதித்தாள். அவன் பிரேக்கை மிதித்திருந்தான்.

அப்போதுதான் தவமணி வந்து சேர்ந்தார். மேலக்காட்டில் காலிப் பந்தலைப் பார்த்துவிட்டு, பஸ் கிடைக்காமல் நடந்தே வந்திருந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னுமாடா மிதிச்சுக்கிட்டிருக்க? காலை எடு."

மாயழகு எடுத்தான். கால் மரத்துப்போய், செல்வராணிதான் தாங்கி இறக்கினாள். தவமணி உள்ளே உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார்.

"பரவால்ல, கொஞ்சம் கெட்டியாகியிருக்கு. ஆனா ஒரு சக்கரம்தான முடிஞ்சிருக்கு? பாக்கி மூணுக்கும் அச்சு அசலா இதே மாதிரி செய்யணும்."

பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதே மாதிரின்னா, மேளத்தோடயா?" என்றான் பூவலிங்கம்.

"ஒண்ணும் குறையக்கூடாதுடா. அச்சு அசலான்னு சொல்றார்ல?" என்றான் சோலைமலை. "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. ஒரு சக்கரத்துக்கு நீ, ஒண்ணுக்கு அழகர். மூணாவதுக்குத்தான் ஆள் இல்ல."

அழகர் ஜன்னல் வழியாகத் தவமணியிடம் தலையை நீட்டினான். "அண்ணே, உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லையேப்பா. ஏன் கேக்குற?"

"அப்ப அப்படியே மிதிச்சுப் பிடிங்க. நாங்க சொல்ற வரைக்கும் காலை எடுக்கக்கூடாது," என்று வெளியிலிருந்து கதவைச் சாத்திவிட்டு, மூவரும் அவருக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள்.