வெள்ளிக்கிழமை மட்டும் வந்த பதில்

முதலில் கேட்பது சத்தம்தான். டக், டக், டக், டக். கணினிக்கு அந்த நேரத்தில் கண் கிடையாது, திரை இன்னும் கறுப்பு. ஆனால் நாலு சுவிட்சும் அடுத்தடுத்து விழுந்த சத்தத்திலேயே அதற்குத் தெரிந்துவிடும். அண்ணாச்சி வந்துவிட்டார், அச்சகம் திறந்தாயிற்று.

அருப்புக்கோட்டையில் போஸ்டரும் பத்திரிகையும் அடித்துக்கொண்டிருந்த அண்ணாச்சியின் சின்ன அச்சகம் அது. லினக்ஸ் ஓடும் அந்தக் கணினி துடியானது. கண் விழிக்க இருபது விநாடி போதும். விழித்ததும் முதல் வேலையாகப் பரணைப் பார்த்து, "அண்ணே!" என்று ஒரு குரல் கொடுக்கும்.

பரணில் இருந்தது பெட்டகம், கோப்புகளைச் சேமித்துவைக்கும் எந்திரம். பத்து வருடத்துப் படங்களும் பத்திரிகைகளும் அதன் வயிற்றில்தான். கணினியிடம் இருப்பது அன்றன்றைய வேலை மட்டும்.

பதில் வராது. "சரி, நம்மள மதிக்கல" என்று கணினி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதன்பிறகு நாள் முழுக்க அந்தப் பக்கமே திரும்பாது.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும், கூப்பிட்ட குரலுக்கே "என்ன தம்பி?" என்று பதில் வந்துவிடும்.

"அம்மன் நாளுல்லா!" என்பார் அண்ணாச்சி. மற்ற நாளுக்கு அவரிடம் இருந்தது ஒரே வைத்தியம். "பூரணி, எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா."

பூரணி அங்கே டிசைன் போடுகிறவள். யாரிடமும் படிக்காமல் தானே நோண்டிக் கற்றுக்கொண்டவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு காதணி விழாப் பத்திரிகையில் தாய்மாமன்களின் பெயர்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். யார் பெயர் முதலில் என்று அந்த வீட்டில் சண்டை. மூன்றாவது தடவையாக மாற்றிக்கொண்டிருந்தபோது லோடுமேன் இருளப்பன் வந்து நின்றான்.

"அக்கா, எங்க அண்ணன் தவறிட்டாரு. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும். மூணு மணிக்கு எடுத்துருவோம்."

"படம்?"

"தனியாளாக் கெடந்தாரு. ஒரு படம்கூட இல்ல. என் வீட்டு பால்காய்ச்சுக்கு நீங்கதான பத்திரிகை அடிச்சீங்க? இங்க வச்சு ரெண்டு பேரையும் படம் எடுத்தீங்களே."

படம் பெட்டகத்தில் இருந்தது. கணினியில் அதன் கதவோ திறக்கவில்லை. மணி பதினொன்றரை. அண்ணாச்சி வைத்தியத்தைச் செய்தார். டக், டக், டக், டக். கணினி எழுந்தது, கூப்பிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இந்த வயர்தான் சரியில்ல" என்றது கணினி.

"நான் வந்து நாலு நாள்தான் ஆகுது" என்றது வயர். "ஏற்கெனவே ஒருத்தன குப்பைக்கு அனுப்பிட்ட. எம்மேல பழி போடாத."

நடுவில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த இணைப்புப் பெட்டி கேட்டது. "நீ எத்தனை தடவ கூப்பிட்ட?"

"ஒரு தடவ. கூப்பிட்டா வரணும்ல?"

இணைப்புப் பெட்டி இன்னொரு தடவை மினுக்கியது.

பூரணி கணினியின் நாட்குறிப்பைத் திறந்தாள். எந்திரங்கள் தாங்கள் செய்ததையெல்லாம் எழுதிவைக்கும். 11:32-க்குக் கூப்பிட்டேன், பதில் இல்லை, விட்டுவிட்டேன். அதற்குக் கீழே வெறுமை. பிறகு பெட்டகத்தின் நாட்குறிப்பைப் பார்த்தாள். 11:35-க்கு எழுந்தேன். யாரும் வரவில்லை.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவளுக்கு என்னவோ போல இருந்தது.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழம சுவிட்ச எப்படிப் போடுவீங்க?"

"மொதல்ல சாமி வெளக்கு. அப்புறம் கடை பூரா சாம்பிராணி. அப்புறம்தான் மத்த மூணும். ஏன்?"

"பெட்டகமும் சாமி வெளக்கும் ஒரே சுவிட்சு. அது எந்திரிக்க மூணு நிமிசம் ஆகுது. நீங்க சாம்பிராணி போடுற நேரம்."

"அப்ப அம்மன் இல்லங்கிற?"

"அம்மன்தான். மூணு நிமிசம் பொறுக்க வச்சாளே."

கணினி விழித்ததும் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியலில் ஒரு வரியைப் பூரணி திருத்தினாள். 'விழித்ததும் கூப்பிடு' என்றிருந்ததை, 'தேவைப்படும்போதெல்லாம் கூப்பிடு' என்று மாற்றினாள். இந்தத் தடவை எதையும் அணைக்கவில்லை. திரையில் படம் இருந்த கோப்புறையைத் தொட்டாள்.

கணினிக்குக் கூச்சமாக இருந்தது. "அண்ணே" என்றது மெதுவாக.

"என்ன தம்பி?" உடனே வந்தது பதில்.

"காலைல கூப்பிட்டேன். நீங்க பேசல."

"எந்திரிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்பா. எனக்கு வயசாகுதுல்ல? தெனமும் கதவத் தெறந்து வச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருக்கேன். ஒன் சத்தத்தத்தான் காணோம்."

திரையில் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். பூரணி அண்ணனை மட்டும் தனியே வெட்டினாள். அவர் தோளில் கிடந்த கை மட்டும் வெட்ட வரவில்லை.

"அது என் கைதான். இருக்கட்டும்க்கா" என்றான் இருளப்பன். "தீவாளிக்கு போன் போட்டேன். எடுக்கல. சரி, அவருக்கே அவ்வளவு இருந்தா நமக்கென்னன்னு நானும் அதுக்கப்புறம் போடல."

இரண்டு மணிக்கு ஈரம் காயாத போஸ்டர்களைச் சுருட்டிக்கொண்டு போனான்.

பூரணி காதணிப் பத்திரிகையைத் திரும்பத் திறந்தாள். கணினி பரணைப் பார்த்து ஒருமுறை குரல் கொடுத்து, பதில் வந்ததும், மூத்த தாய்மாமன் பெயரை மறுபடியும் மேலே நகர்த்தத் தொடங்கியது.