பேதிக்குத் தண்ணீர் ஆகாது

முன்னொரு காலத்தில் கடலை ஒட்டிய முத்தாறு நாட்டை வீரகண்டன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். காலையில் பல்லக்குக் கொடுத்த ஆளையே மத்தியானம் சிறையில் தள்ளுகிற புத்தி அவனுக்கு. அப்படிப்பட்டவன் மாறாமல் நம்பியது ஒரே ஒருவரைத்தான். அவர் அரண்மனை வைத்தியர் நமச்சிவாயப் பண்டிதர். "பேதி கண்டவருக்குத் தண்ணீர் ஆகாது. உள்ளே போகிற தண்ணீர்தான் பேதியாக வெளியே வருகிறது" என்று பண்டிதர் சொன்னார். ராஜா அதையே சட்டமாக்கி முரசறைந்துவிட்டான். மீறினால் தலை போகும்.

ஆனி மாதம் பேதி ஊரெங்கும் பரவியது. ஒருநாள் விடிந்ததும், உப்பளத்தில் வேலை செய்கிற மாடத்தியைக் கைகட்டிச் சபைக்கு இழுத்துவந்தார்கள். பேதியில் கிடந்த ஏழு பேருக்கு உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொடுத்தாள் என்பது குற்றம்.

ராஜாவின் முகம் வெளுத்திருந்தது. எட்டு வயது மகள் பொன்முத்து முந்தின நாளிலிருந்து அதே பேதியில் கிடந்தாள்.

"ஏன் கொடுத்தாய்?" என்றான் ராஜா.

மாடத்தி தலை நிமிர்ந்து சொன்னாள். "போன வருசம் என் மகன் தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே செத்தான், மகாராசா. பண்டிதர் பேச்சைக் கேட்டு நான் குடுக்கல. இந்த வருசம் குடுத்தேன். ஆறு பேரு எழுந்து நடக்காங்க."

"ஏழாவது ஆள்?" என்று பண்டிதர் பாய்ந்தார்.

"செத்துட்டாரு, சாமி. நான் போறதுக்குள்ள நாடி விழுந்துபோச்சு."

"கேட்டீர்களா, மன்னா! கொலைகாரி!"

ராஜா வாள்காரனைப் பார்த்தான். இனி அழுது பயனில்லை என்று மாடத்திக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு சோதனை வைங்க, மகாராசா. எனக்கும் பண்டிதருக்கும் அவர் கையாலயே பேதி மருந்து குடுங்க. ஆளுக்கொரு அறையில அடைங்க. நான் கஞ்சி குடிப்பேன், அவர் குடிக்க வேண்டாம். உச்சிப்பொழுதுக்கு யாரு நிமிர்ந்து நிக்காங்கன்னு பாருங்க. விழுந்தவங்க தலையை எடுங்க."

ராஜாவுக்கு இப்படிப்பட்ட பந்தயம் பிடிக்கும். "சரி" என்றான் உடனே.

"இன்னும் ஒண்ணு. பண்டிதர் அறையிலயும் ஒரு பானைத் தண்ணி இருக்கணும். நானே வைக்கேன்."

"நஞ்சு கலப்பாள்!" என்று பண்டிதர் அலறினார்.

"நீங்கதான் தொடவே மாட்டீங்களே, சாமி? பிறகு என்ன பயம்?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் நந்தவனத்து நாவல் மரத்தடியில் குனிந்து மடி நிறையப் பழம் பொறுக்கினாள் மாடத்தி. "சாகப்போற நேரத்தில பழம் கேக்குதா?" என்றான் காவலாளி. அவள் மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

வெயில் ஏற ஏற அறை அடுப்பாகக் கொதித்தது. மருந்து குடலைப் பிசைந்தது. மாடத்தி எழுந்து போவதும், திரும்பி வந்து கஞ்சியை மடக்கு மடக்காகக் குடிப்பதுமாக இருந்தாள். இந்நேரம் ராஜாவின் மகளுக்குக் கண் எவ்வளவு குழி விழுந்திருக்குமோ என்கிற எண்ணம்தான் அவளை அதிகம் வாட்டியது.

உச்சிப்பொழுதில் கதவைத் திறந்தார்கள். மாடத்தி சுவரைப் பிடித்தபடி வந்தாள். பண்டிதரோ நிமிர்ந்த நடையில் வந்தார். உதட்டை அழுத்தித் துடைத்திருந்தார்.

"சொட்டுத் தண்ணீர் தொடவில்லை, மன்னா. வெக்கைக்காகப் பாதியைத் தரையில் தெளித்தேன், அவ்வளவுதான். பாருங்கள், நிற்கிறேன்!"

வாள்காரன் மாடத்தியை நோக்கி ஓர் அடி வைத்தான்.

"பண்டிதரே," என்றாள் மாடத்தி, "நாக்கை நீட்டுங்க."

"என்ன திமிர்!"

"நீட்டும்!" என்றான் ராஜா.

பண்டிதர் ராஜாவைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், நாக்கை நீட்டினார். நாக்கு கத்தரிக்காயாட்டம் ஊதா நிறமாக இருந்தது.

"அது வெறும் தண்ணி இல்ல, மகாராசா. நாவப்பழம் பிழிஞ்ச தண்ணி. கருத்த பானை, இருட்டு அறை. தாகத்தில அவருக்கு நிறமும் தெரியல, ருசியும் தெரியல. பாதிப் பானை குடிச்சிருக்காரு. பேதிக்குத் தண்ணி நஞ்சுன்னா இப்ப பொணமால்லா கெடக்கணும்?"

ராஜா அவள் கையைப் பிடித்து அந்தப்புரத்துக்கு ஓடினான்.

பொன்முத்துவின் உதடு வெடித்திருந்தது. முதல் கரண்டிக் கஞ்சி போன வேகத்தில் வாந்தியாக வந்தது. ராஜாவின் கை வாளுக்குப் போனதை மாடத்தி பார்த்தாள். ஆனாலும் நிறுத்தவில்லை. கொஞ்சம் பொறுத்து அரைக் கரண்டி, பிறகு இன்னொரு அரைக் கரண்டி. மூன்றாவது நாழிகையில் குழந்தை தானாக வாயைத் திறந்தது.

சாயங்காலம் மகளை மடியில் வைத்திருந்த ராஜாவின் பட்டு வேட்டி நனைந்தது.

"ஒண்ணுக்குப் போயிட்டாளா? அப்ப உடம்பில தண்ணி தங்கிருச்சு. பொழைச்சா, மகாராசா!" என்றாள் மாடத்தி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நனைந்த வேட்டியோடு ராஜா சபைக்கு ஓடிவந்து அதைச் சத்தம் போட்டுச் சொன்னான். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

கழுத்து முத்துமாலையை மாடத்திக்குப் போட்டுவிட்டு, "பண்டிதர் தலை?" என்று கேட்டான்.

"வேண்டாம், மகாராசா. அவர் சொல்லித்தான் சனங்க தண்ணியை நிறுத்துனாங்க. அவரே சொன்னாத்தான் திரும்பக் குடிப்பாங்க. கஞ்சிப் பானையோட வீடு வீடா அனுப்புங்க."

அப்படியே ஆனது. ஒரு குடிசையில் ஒரு தாய் வாசலை மறித்தாள். "பேதிக்குத் தண்ணி ஆகாதாம். அரண்மனைப் பண்டிதரே சொல்லியிருக்காரு."

வெயிலில் கறுத்துப்போன அந்த ஆள் பானையைத் தலையிலிருந்து இறக்கினார்.

"அந்தப் பண்டிதன் நான்தான், தாயே. தப்பாகச் சொல்லிவிட்டேன். வழி விடு."